முதல் தலைக்குக் கட்டியது யார்

உதயகுமாரின் நிரூபணத்தில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று பட்டுக்கடை கதிர்வேலுக்குச் சந்தேகம். எங்கே என்றுதான் தெரியவில்லை.

ஐயம்பேட்டையில் அவர்கள் தெருப் பிள்ளையாருக்குச் சதுர்த்தி பூசை முடிந்ததும், அர்ச்சகர் ஒரு பட்டுத்துண்டை ஒரே ஒருவர் தலையில் பரிவட்டமாகக் கட்டுவார். பல காலமாக உதயகுமார் வீட்டாருக்குப் போகும் மரியாதை அது. இந்த வருஷம் கதிர்வேல் கேட்டார். ஆதியில் அது தங்கள் வீட்டு உரிமைதான் என்றார். கமிட்டித் தலைவி பெரியநாயகி, முன்னாள் கவுன்சிலர், இரண்டு பேரிடமும் ஆதாரம் கேட்டார். பொறியியல் கல்லூரியில் கணினித் தர்க்கம் நடத்தும் உதயகுமார் எழுந்து, கணித முறைப்படியே நிரூபித்தார்: ஒரு தலைமுறைக்கு உரிமை உண்டென்றால் அடுத்த தலைமுறைக்கும் உண்டு, ஆகவே எங்கள் வம்சத்தில் எல்லாத் தலைமுறைக்கும் உண்டு. யாருக்கும் புரியவில்லை. புரியாததால் எல்லோரும் தலையாட்டினார்கள். பெரியநாயகி மட்டும் முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்.

கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு, உதயகுமார் வீட்டில் நடத்தும் ஞாயிறு டியூஷனிலேயே போய்ச் சேர்ந்தார் கதிர்வேல். அரியர் வைத்த பையன்களுக்கு நடுவில் ஜரிகை வேட்டியோடு உட்கார்ந்தார். நிரூபிக்க வேண்டியதைப் பொய் என்று வைத்துக்கொள்வோம் என்று உதயகுமார் ஆரம்பித்தபோது, தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறாரே என்று நிமிர்ந்தார். இன்னொரு வாரம் வட்டங்களும் அம்புகளுமாக, நிலைக்கு நிலை தாவும் ஸ்டேட் மெஷின் என்ற கற்பனை இயந்திரம். "வந்த வழி அதுக்கு ஞாபகம் இருக்காது. இப்ப எந்த நிலையில இருக்குதோ அது போதும்" என்றார் உதயகுமார். கோயிலில் மட்டும் கொள்ளுத்தாத்தா வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று கதிர்வேலுக்கு உறுத்தியது.

அப்புறம் தொகுத்தறிதல் வந்தது. முதல் படி உண்மை என்று காட்டு. பிறகு ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறு. முதல் படியை எழுதாத ஒரு பையனின் தாளை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, உதயகுமார் அதில் பெரிய சைபர் போட்டார். சந்தோஷத்தில் கதிர்வேலுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கூட்டத்தில் அவர்தான் முதலில் எழுந்தார். "முதல் படி எங்க சார்? ஒங்க வம்சத்துல மொதத் தலைக்கு யாரு கட்டினது?"

உதயகுமார் கண்ணாடியைத் துடைத்தார். அது வெளிப்படை, தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை என்றார்.

"எனக்கு வெளிப்படையா இல்லியே சார்" என்ற பெரியநாயகி, அப்படியே இந்தப் பக்கம் திரும்பினார். "ஒங்க வூட்ல யாருப்பா கதிர்வேலு?"

கதிர்வேல் தாத்தாவைச் சொன்னார், அவருடைய தாத்தாவைச் சொன்னார், பிறகு மின்விசிறியைப் பார்த்தார். சுதாரித்துக்கொண்டு, இந்த வருஷம் எனக்குக் கட்டுங்கள், அதையே முதல் படியாக வைத்துக்கொள்ளலாம் என்றார்.

உதயகுமார் துள்ளி எழுந்தார். "கட்டிப் பாருங்க. அப்புறம் மகன், பேரன்னு உலகம் இருக்கிற வரைக்கும் அவங்க வூடுதான்."

இந்த முறை நிரூபணத்தில் ஓட்டையே இல்லை. கமிட்டியில் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் தலையைச் சந்தேகமாகப் பார்த்தார். பெரியநாயகியே கட்டிக்கொள்ளட்டும் என்று யாரோ சொல்ல, அவருக்கு மகன்கள் இருப்பதை எதிரிகள் இருவரும் ஒரே குரலில் ஞாபகப்படுத்தினார்கள்.

"அப்ப வாரிசே இல்லாத ஆளா பாத்துக் கட்டிடலாம்பா" என்று பெரியநாயகி மூலவர் பக்கம் கையைக் காட்டினார். பிரம்மச்சாரிப் பிள்ளையாருக்கு எதிராக யார் பேசுவது?

சதுர்த்தியன்று பரிவட்டம் பிள்ளையார் தலையில் ஏறியது. கைகூப்பி நின்ற கதிர்வேலுக்கு, சூரத்து வியாபாரி ஒருவர் கடைக்கு அனுப்பிய காலண்டர் நினைவுக்கு வந்தது. அதில் பிள்ளையாருக்கு இரண்டு பக்கமும் மனைவிமார். மடியில் குழந்தைகூட இருந்ததோ? மெல்ல ஓரக்கண்ணால் பார்த்தார். உதயகுமாரும் கண்ணை மூடாமல்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.