ஷனன் நதிக்குப் போகாதவர்

1

1986 ஒக்டோபர், கெல்சென்கிர்ச்சன். தமிழ்க் கையெழுத்துச் சஞ்சிகை ஒன்றின் நான்காவது இதழில் 'ஷனன் நதிக்கரையில் நான்' என்ற பயணக் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் தவராசா. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை அவர் நகர எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை.

மேலே உள்ளதில் ஊரும் சட்டமும் உண்மை. ஆளும் சஞ்சிகையும் என் கைவேலை. வேறெதையோ தேடித் தேசப்படத்தைப் புரட்டியபோது அயர்லாந்தின் நடுவே ஏரிகளைக் கோத்துக்கொண்டு இறங்கும் ஒரு நீலக் கோட்டைக் கண்டேன். அதன் கரையில் ஒரு தமிழரை நிறுத்த ஆசைப்பட்டேன். அந்தக் காலத்தில் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு வழி தெரியவில்லை. அதனால், போகாத ஒருவரை வைத்துச் சமாளிக்கிறேன். நானும் போனதில்லை, அதைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.

2

'ஷனன் நதி அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.' (கைவிட்டேன். முதல் வரியில் எல்லா நதிகளும் அமைதியாகத்தான் ஓடுகின்றன.)

'தவராசா பாலத்தில் நின்று கீழே' (நிற்கவே இல்லையே.)

தவராசா நகர நூலகத்தில் உட்கார்ந்திருந்தார். இந்த வரி நிற்கட்டும். அகதிகள் விடுதியைவிட அங்கே சூடு அதிகம். அவருக்கு வேலை செய்யவும் அனுமதி இல்லாததால் நேரமும் அதிகம். கைக்கு அகப்பட்ட தடித்த படப்புத்தகத்தை அகராதி துணையோடு வாசித்தார். ஆறாம் நூற்றாண்டில் ஷனன் கரையில் எழுந்த குளொன்மக்நோய்ஸ் மடம். கொள்ளையடிக்க ஆற்றில் ஏறிவந்த வைக்கிங்குகள். பிறகு வந்து தேவாலய மணிகளைக்கூட விட்டுவைக்காத ஆங்கிலப் படை. லிமரிக்கில் நீரோரமாக ஒரு கோட்டை. 1920களில் ஜெர்மானியர் போய்க் கட்டிய நீர்மின் நிலையம். ஜெர்மன் புத்தகம் அல்லவா, மின் நிலையத்துக்கு முழு அத்தியாயம், துறவிகளுக்கு அரை.

சஞ்சிகையின் ஆசிரியர் மங்கையற்கரசி. எல்லாப் பக்கங்களையும் தன் கையாலேயே எழுதிப் படியெடுப்பவர்.

"எல்லாரும் கவிதைதான் தருகினம், அண்ணை. எனக்கு நிலவு எழுதி எழுதிக் கை உளையுது. ஏதும் உரைநடையா எழுதித் தாங்கோ" என்றார்.

தவராசா எழுதிக் கொடுத்தார். பயணக் கட்டுரையில் 'நான்' வராவிட்டால் அது புவியியல் பாடமாகிவிடும் என்பதால் 'நான்' போட்டார். லிமரிக் பாலத்தில் மழையில் நனைந்தார். குளொன்மக்நோய்ஸின் வட்டக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததில் அவருக்குக் கழுத்து வலித்தது.

(இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. தவராசா யாழ்ப்பாணத்தவர். அங்கே மாரிக்கு மட்டும் ஓடும் ஒரு வழுக்கையாற்றைத் தவிர ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை. கிணற்றில் குளித்து வளர்ந்தவர் நதியைப் பற்றி எப்படி எழுதுவார்? யோசித்துப் பார்த்தேன். தெரிந்த தண்ணீரைக் கடன் வாங்குவார்.)

அவருக்குத் தெரிந்த தண்ணீர் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடல். நீர் ஏறி இறங்கும் பெருக்கும் வற்றும் அதிலே பார்த்தவை. ஆகவே புத்தகத்தில் இல்லாத ஒரே ஒரு வரியைத் தன் பங்குக்குச் சேர்த்தார்: 'மாலையில் லிமரிக் பாலத்தடியில் ஆறு வந்த வழியே திரும்பிப் போனது.' எழுதிவிட்டு, கொஞ்சம் அதிகப்படிதான் என்று நினைத்தார். ஆனால் வெட்டவில்லை. நானும் வெட்டியிருக்க மாட்டேன்.

3

கட்டுரை பிடித்துப் போயிற்று. எந்த அளவுக்கு என்றால், அடுக்குக் கட்டிலில் அவருக்கு மேல்தட்டில் படுக்கும் ஸ்ரீதரனே நம்பிவிட்டான்.

"அண்ணை, டப்ளினிலை இறங்கினா லண்டனுக்குப் பாஸ்போட் பாக்கிறேல்லையாமே?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் போகேல்லை."

"போகாமலே மழையிலை நனைஞ்சனியள்?"

"தம்பி, நான் ஒவ்வொரு நாளும் உனக்குக் கீழைதானே படுக்கிறன். என்ர குறட்டைக்குக் காலாலை உதைக்கிறனி!"

"உதைக்கிறனான்தான். ஆனா எழுத்திலை பாக்கேக்கை போன மாதிரித்தான் கிடக்கு."

அன்றிரவுச் சாப்பாட்டின்போது செய்தி விடுதி முழுவதும் பரவியிருந்தது. தவராசா அண்ணை தனியாகப் போய் வந்துவிட்டார். ரூட்டை மட்டும் வெளியே விடுகிறார் இல்லை. அவருடைய தட்டில் கேட்காமலே ஒரு கோழிக்கால் விழுந்தது.*

* இலக்கியத்துக்காக அவருக்குக் கிடைத்த ஒரே சன்மானம் இது.

4

போட்டுக்—* வில்லன் ஒருவர் வேண்டுமே என்று தேடினேன். கிடைத்தது ஓர் இரசிகை.

* 'போட்டுக்கொடுக்கும்' என்று எழுதத் தொடங்கிப் பாதியில் மனம் மாறினேன். வத்சலா அப்படிப்பட்டவர் அல்ல.

வத்சலா மதுரைக்காரர். பக்கத்து நகரான பொக்கும் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்துக்கொண்டு, வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு மொழிபெயர்ப்பாளராகவும் போய்வந்தார். தமிழில் வாசிக்க வேறொன்றும் அகப்படாததால் மங்கையற்கரசியின் சஞ்சிகையை அட்டை முதல் அட்டை வரை வாசிப்பார். ஒருநாள் அலுவலர் பிரிங்க்மனிடம், உங்கள் விண்ணப்பதாரர் ஒருவர் அயர்லாந்தைப் பற்றி அற்புதமாக எழுதுகிறார் என்று வாய்விட்டுப் பாராட்டினார். மறுவாரமே தவராசாவுக்கு டெர்மின், அதாவது குறித்த நேரத்தில் நேரில் வரச்சொல்லும் அழைப்பு, வந்தது.

எல்லையைத் தாண்டியது குற்றம். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு: அயர்லாந்துக்கு உல்லாசமாகப் போய்வருகிறவர் எப்படி அகதியாவார்? விண்ணப்பமே சரிந்துவிடலாம். கட்டுரை பொய் என்று நிரூபித்தால்தான் தவராசா ஜெர்மனியில் இருக்க முடியும்.

பிரிங்க்மன் நியாயமான மனிதர். முன்கூட்டியே நூலகப் புத்தகத்தை எடுத்து ஒப்பிட்டு வைத்திருந்தார். மடம் சரி, மணிகள் சரி, கோட்டை சரி. எல்லாம் பார்த்து எழுதியவை. ஆனால் துரதிர்ஷ்டம், அவர் ஒரு கோடையில் ஷனனில் படகு வாடகைக்கு எடுத்து விடுமுறை கழித்தவர்.

"ஆறு திரும்பிப் போனது என்கிறீர்கள். இது புத்தகத்தில் இல்லையே?"

வத்சலா தமிழில் சொன்னார்.

"அது நான் சும்மா விட்டது, பிள்ளை. கற்பனை எண்டு சொல்லுங்கோ."

"கற்பனை இல்லை" என்றார் பிரிங்க்மன். "கடலின் பெருக்கு லிமரிக் வரை ஏறும். நானே பாலத்தில் நின்று பார்த்தேன். நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள்?"

தவராசாவின் முகம் மலர்ந்துவிட்டது. "மெய்யே? உண்மையாவே திரும்பிப் போறதே?"

"சார், ப்ளீஸ், சிரிக்காதீங்க. இது சீரியஸ்" என்றார் வத்சலா அடிக்குரலில். "என்னாலதான் இவ்வளவும். சாரி."

"இல்லை பிள்ளை, நான் பிழையா எழுதிப்போட்டன் எண்டெல்லே கவலைப்பட்டுக்கொண்டு இருந்தனான்."

பிரிங்க்மன் அந்தச் சிரிப்பையும் குறித்துக்கொண்டார்.

5

இங்கே எனக்கு முடிவு தேவைப்பட்டது. இரண்டு எழுதினேன்.

முதலாவதில் ஸ்ரீதரனைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். தவராசா ஓரிரவுகூடக் கட்டிலை விட்டு நீங்கவில்லை என்று அவன் சத்தியம் செய்கிறான். அப்படியானால் அயர்லாந்து போகவில்லைத்தானே என்று கேட்கிறார்கள். "இல்லை, போனவர்" என்கிறான் பெருமையோடு. நல்ல சிரிப்பு. ஆனால் தவராசாவை நாடு கடத்தவேண்டி வந்தது. கிழித்தேன்.

இரண்டாவதில், பார்க்காத இன்னொரு நதியைப் பற்றி அங்கேயே எழுதிக் காட்டச் சொல்கிறார் பிரிங்க்மன். தவராசா ரைன் நதியை எழுதுகிறார். கொலோன்காரரான பிரிங்க்மன் கண்கலங்குகிறார். பிறகு, அனுமதியில்லாமல் கொலோனுக்குப் போனதாக இரண்டாவது கோப்புத் திற— (இதையும் விட்டேன்.)

எஞ்சியது சாதுவான மூன்றாவது. பிரிங்க்மன் ஒரு வழி சொன்னார்: அடுத்த இதழில், அதே அளவில், தான் ஷனனுக்குப் போகவே இல்லை என்று தவராசா கையெழுத்தோடு மறுப்பு வெளியிடட்டும். பொய்ப் பயணம் சட்டத்துக்கு உட்பட்டதல்ல, அது வாசகர்களின் பிரச்சினை.

மங்கையற்கரசி பேனாவை மூடி வைத்துவிட்டார். "இதைப் போட்டா இனி உங்களை ஆர் வாசிப்பினம்?"

"வாசிக்காட்டிப் பரவாயில்லை. என்னைத் திருப்பி அனுப்பினா ஆர் எழுதுறது?"

எழுதினார். ஆனால் எழுதுகிறவன் கை சும்மா இருக்குமா?

'லிமரிக் பாலத்தில் மழை பெய்தபோது நான் அங்கே இல்லை. மணிகள் போன மடத்தில் எனக்குக் கழுத்து வலிக்கவில்லை. மாலையில் ஆறு திரும்பிப் போவதை அந்த ஊரார் எல்லோரும் பார்த்தார்கள். அவர்களுக்கு நடுவே நான் நிற்காத இடம் மட்டும் காலியாக இருந்தது.'

முன்னையதைவிட இதுதான் நல்ல கட்டுரை. மங்கையற்கரசியே அதைப் படியெடுக்கும்போது இரண்டு தடவை நிறுத்தினார். இதழ் விடுதிக்கு வந்ததும் ஸ்ரீதரன் சத்தமாக வாசித்து முடித்தான்.

"பாத்தியளே? வெளிநாட்டவர் கந்தோருக்காக எழுதியிருக்கிறார். போகாதவனுக்கு என்னத்துக்கு மறுப்பு? நானும்தான் போகேல்லை. நான் மறுப்பு எழுதினனானே?"

எல்லோரும் திரும்பித் தவராசாவைப் பார்த்தார்கள். அவர் தலையில் கைவைத்தாரா, இல்லை உள்ளூரக் கொஞ்சம் குளிர்ந்தாரா? எனக்குத் தீர்மானிக்க விருப்பமில்லை. நீங்கள் உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம்.

1987 ஜனவரியில் அலுவலகம் மறுப்பை ஏற்றுக்கொண்டு அயர்லாந்துப் பயணக் கோப்பை மூடியது. விடுதியில் அதை ஏற்றுக்கொண்டவர் எவருமில்லை.