ஸ்பேனர் எடுக்காத பழுது

தொழிற்சாலையில் எல்லோரும் அவரை டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் எந்நேரமும் கரண்ட் பார்க்கும் டெஸ்டர் ஒன்று செருகியிருக்கும், அதனால் வந்த பெயர். கதவுக் கீல்கள் செய்யும் அந்தக் கூடத்தில் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின்கள் ஆறு. அவற்றின் வயரிலிருந்து மோட்டார் வரை அவர் பொறுப்பு. எந்தச் சாமானையும் கையில் வாங்கி ஒரு உலுக்கு உலுக்கினாலே தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார் என்று பேர். பேர் வாங்குவது சுலபம், அதைக் கட்டிக் காப்பது தனி உத்தியோகம். அந்த இரண்டாவது உத்தியோகத்தில்தான் மனுஷர் வசமாக மாட்டிக்கொண்டார்.

விஷயம் லைட் கர்ட்டன். பிரஸ்ஸின் வாய்க்கு இரு பக்கமும் இரண்டு கம்பங்கள் நிற்கும். நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளி. கை உள்ளே போனதும் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரியும், பெடலை மிதித்தாலும் மெஷின் இறங்காது. கை வெளியே வந்தால் மறுபடி பச்சை. பழைய கர்ட்டன்கள் ஆறும் வயசாகி மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தன. அந்த நேரம் பார்த்து ஒருவர் பேர் தெரியாத கம்பெனிச் சாமானை விற்க வந்தார்; பேர் பெற்ற கம்பெனிச் சாமான் ஒன்று வாங்கும் விலையில் இதில் மூன்று வாங்கலாம். முதலாளி தயங்கியபோது டெஸ்டர்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டார்.

"பேருக்குத்தான் சார் அவன் காசு வாங்கறான். உள்ள இருக்கறது எல்லாம் ஒன்னுதான். நான் பாத்துச் சொல்றேன்."

பார்க்கவும் பார்த்தார். பெட்டியைத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்து ஈயப்பற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தார். வயர் மாட்டும் திருகுகளை இழுத்துப் பார்த்தார். பெட்டியின் மேல் அச்சடித்திருந்த எண்ணுக்கு வேளை கெட்ட வேளையில் மூன்று தடவை போன் போட்டார். மூன்று தடவையும் ஒருத்தர் எடுத்து, "சொல்லுங்க சார்" என்றார். போனை எடுக்கிறவன் சாமானையும் ஒழுங்காகத்தான் செய்திருப்பான் என்பது டெஸ்டரின் கணக்கு. இந்தக் கணக்கை எந்தப் புத்தகத்தில் படித்தாரோ!

நாற்பத்தைந்து நாள் ஒரு மெஷினில் ஓட்டிப் பார்ப்பது, தேறினால் மீதி ஐந்துக்கும் வாங்குவது என்று முடிவாயிற்று. மூன்றாம் பிரஸ்ஸில் மாட்டினார். அதில் உட்கார்ந்திருப்பது அவருடைய கொழுந்தியாள், மனைவியின் தங்கை. வீட்டில் சின்னவள் என்று கூப்பிடுவார்கள். நம்பிக்கையான ஆள், கவனமாகப் பார்ப்பாள் என்றுதான் அங்கே மாட்டினார்.

ஒன்பதாம் நாள் பிற்பகல், கூடம் கொதித்துக்கொண்டிருந்த நேரம், சின்னவள் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, கை உள்ள இருக்கு, பச்சை அப்படியே நிக்குது."

டெஸ்டர் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்துப் போட்டார். சரியாகிவிட்டது. கைக்குப் பதிலாகச் சோதனைக் குச்சியை விட்டுப் பார்த்தார், சிவப்பு எரிந்தது. இருபது தடவை விட்டார், இருபது தடவையும் எரிந்தது. குச்சி விட்டுப் பார்த்து மணிக்கு ஒரு முறை ரெஜிஸ்டரில் டிக் போட வேண்டியது ஆபரேட்டரின் வேலை. அவள் பேனாவைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன மாமா எழுதட்டும்?"

"இப்ப நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கு."

"அப்ப டிக் போடு."

அவர்கள் தொழிலில் அது பொய்யும் இல்லை. ஸ்பேனரை எடுத்தால்தான் பழுது, அணைத்துப் போட்டுச் சரியானால் அது பழுதுக் கணக்கில் வராது. மெயின்டனன்ஸ்காரர்கள் பரம்பரை பரம்பரையாக அப்படித்தான் எழுதி வந்திருக்கிறார்கள். கூடம் சூடேறிய பிற்பகல்களில், நாலைந்து நாளைக்கு ஒரு தடவை, சில நாள் இரண்டு தடவை என்று பச்சை விளக்கு பல்லைக் காட்டியது. ஒவ்வொரு தடவையும் அவள் வந்து காதோடு சொன்னாள், அவர் அணைத்துப் போட்டார், அவள் டிக் போட்டாள். பதினொரு தடவை ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் இனிமேல் வராது என்று நம்பினார். மாமா தேர்ந்தெடுத்த சாமானைத் தானே காட்டிக் கொடுப்பதா என்று அவள் நினைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒருவரை ஒருவர் அழகாகக் காப்பாற்றினார்கள்.

நாற்பத்தைந்தாம் நாள் காலையில் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். அறையில் சாமான் விற்பவரும் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் ரெஜிஸ்டர் விரித்துக் கிடந்தது. பக்கம் பக்கமாக டிக்.

"நாப்பத்தஞ்சு நாள், ஒரு பழுது இல்ல. கலக்கிட்டீங்க டெஸ்டர். இந்தச் சான்றிதழ்ல ஒரு கையெழுத்துப் போடுங்க, மீதி அஞ்சையும் இன்னிக்கே சொல்லிடறேன்."

ஆப்பைப் பிடுங்கிய குரங்குக்கு வால் மாட்டிக்கொண்ட கதைதான். பேனாவைக் கையில் எடுத்தார். போட்டுவிடலாம் என்றுதான் எடுத்தார். ஆனால் மெஷின் வாய்க்குள் இருக்கும் சின்னவளின் கையும், அதன் பக்கத்தில் எரியும் பச்சை விளக்கும் கண் முன்னால் வந்து நின்றன. பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், இது அப்பப்ப வேலை செய்யாம அப்படியே தொங்கி நிக்குது. கை உள்ள இருந்தாலும் பச்சை நிக்குது."

"எத்தன தடவ?"

"பதினொரு தடவ."

முதலாளி ரெஜிஸ்டரைப் புரட்டினார். "இதுல இல்லையே."

"எழுதல சார். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுது, அதனால எழுதல."

விற்பவர் சிரித்தார். "எங்க வீட்டு டிவியும் அப்படித்தான் சார். அதுக்காக யாராச்சும் தூக்கிப் போடுவாங்களா?"

மூன்று பேரும் கூடத்துக்குப் போனார்கள். முதலாளியே குச்சியை வாங்கி முப்பது தடவை விட்டுப் பார்த்தார். காலைக் குளிர்ச்சியில் சாமான் சமர்த்தாக முப்பது தடவையும் சிவப்பைக் காட்டியது. சின்னவள் எழுந்து ஓரமாக நின்றாள். முதலாளி அவள் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா. இது என்னிக்காவது தொங்கியிருக்கா? பொய் டிக் போட்டவங்க யாரா இருந்தாலும் இங்க வேலை கிடையாது, எழுதச் சொன்னவருக்கும் சேத்துத்தான். அது தெரியும்ல?"

டெஸ்டர் கண்ணாலேயே கெஞ்சினார், உண்மையைச் சொல்லிவிடு என்று. அவளும் அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள்.

"ஒரு தடவகூட இல்ல சார்."

முதலாளி டெஸ்டரின் தோளைத் தட்டினார். "உங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும்போல இருக்கு" என்றார். கோபமே இல்லாமல் அதைச் சொன்னதுதான் கொடுமை. இல்லை சார், அவள் பொய் சொல்கிறாள் என்று இன்னொரு வாய் திறந்தால் அவள் வேலை அந்த நிமிஷமே போய்விடும். அவளை இங்கே சேர்த்துவிட்டவரும் அவர், டிக் போடச் சொன்னவரும் அவர். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? விற்பவர் நீட்டிய சான்றிதழை மெஷின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணலாக வந்தது.

அவர்கள் போனதும் அவளிடம் பாய்ந்தார்.

"ஏண்டி இப்படிச் சொன்ன?"

"பின்ன? ரெண்டு பேர் வேலையும் போறதா? அக்காவுக்கு என்ன பதில் சொல்வீங்க?"

"உன் கை போனா என்ன பதில் சொல்றது?"

"என் கை எங்கயும் போகாது மாமா. முதல் தடவ தொங்கினதுமே நான் அத நம்பறத விட்டுட்டேன். அது அங்க இல்லன்னே நெனச்சுத்தான் வேலை செய்யறேன். கைய எடுக்கறது, எடுத்த கையக் கண்ணால பாக்கறது, அப்பறம்தான் பெடல். இல்லன்னு நெனச்சுக்கிட்டா நல்லாவே வேலை செய்யுது உங்க கர்ட்டன்."

வேறு நாளாக இருந்தால் டெஸ்டர் சிரித்திருப்பார். மற்ற மெஷின்களைப் பார்த்தார். ஐந்து பெண்கள் குனிந்த தலை நிமிராமல் தகடு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"உனக்குத் தெரியும். அவங்களுக்கு?"

அவள் முகம் சட்டென்று மாறியது. இதை அவள் யோசித்திருக்கவில்லை. அவரும்தான், கையெழுத்துப் போடும்வரை.

"நான் சொல்லித் தரேன் மாமா" என்றாள். குரலில் பழைய துணிச்சல் இல்லை.

எட்டே நாளில் ஐந்து பெட்டிகளும் வந்து இறங்கின. டெஸ்டரே ஒவ்வொன்றாக மாட்டினார். திருகை எத்தனை இறுக்கினாலும் மனசு மட்டும் இறுகவில்லை. புதுசு பளபளவென்று இருந்ததில் கூடத்தில் எல்லோருக்கும் சந்தோஷம், முதலாளி வந்து பார்த்துவிட்டுப் போனார். மாட்டி முடித்த அன்று பகல் இடைவேளையில் சின்னவள் அந்த ஐந்து பேரையும் மூன்றாம் பிரஸ்ஸைச் சுற்றி நிற்க வைத்து, கையை எடு, கையைப் பார், பெடலை மிதி என்று செய்து காட்டினாள். நாலு பேர் தலையாட்டினார்கள். புதிதாகச் சேர்ந்திருந்த ஆறாம் பிரஸ்காரி மட்டும் ஆட்டவில்லை.

"இவ்வளவு பாத்துத்தான் செய்யணும்னா அந்தக் கம்பம் எதுக்கு?" என்று கேட்டாள். சின்னவள் டெஸ்டரைப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்கண்ணே. இத நம்பலாமா?"

எத்தனையோ சாமானுக்குத் தீர்ப்புச் சொன்ன வாய் அது. இந்தச் சாமானுக்கும் சொன்னது.

"நம்பாதீங்கம்மா."

"அப்ப ஏண்ணே கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் சின்னவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். இடைவேளை முடிந்த மணி அடித்தது. ஆறு பேரும் அவரவர் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, தகட்டை எடுத்து, கையை உள்ளே விட்டார்கள்.