பூட்டிய வீட்டுக்குப் பக்கத்து வீடு

ஒரு மலையோர வட்டத்தில் குடும்பங்கள் மாதம் எவ்வளவு சம்பாதிக்கின்றன என்று வருடாவருடம் மதிப்பிட்டுச் சொல்வது என் உத்தியோகம். நாற்பத்தொரு வீடுகளில் விசாரித்து, ஏழையில் தொடங்கிப் பணக்காரர்வரை வரிசையாக நிறுத்தினால், நட்டநடுவில் நிற்கிற இருபத்தொன்றாவது வீட்டின் வருமானம்தான் இடைநிலை வருமானம். அந்த ஒரு வீட்டை வைத்து ஆறாயிரம் வீடுகளின் தலையெழுத்தை எழுதுவோம். சிரிக்காதீர்கள், இதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

ஐந்து வருடமாக என் வரைபடத்தில் கோடு ஏறிக்கொண்டே போனது. ஏறுகிற கோட்டை எவன் சந்தேகப்படுவான்? அதற்குச் சட்டம் போட்டு அலுவலக வாசலில் மாட்டினார்கள். நானும் போகும்போதும் வரும்போதும் பார்த்துப் பூரித்துக்கொண்டேன். இந்த வருடம் அது இருபதாயிரத்தைத் தாண்டியது. தாண்டினால் அது வசதியான வட்டமாம். வசதியான வட்டத்துக்கு அடுத்த மாதம் முதல் இலவச ஆஸ்பத்திரி வேன் கிடையாதாம்.

மேலிடத்துச் சுற்றறிக்கையில் அப்படித்தான் இருந்தது. என் அக்கா வீட்டுக்காரர் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸுக்குப் போவது அந்த வேனில்தான். வேறு வண்டி பிடித்தால் ஒரு தடவைக்கே அவர்களுடைய ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு காலி. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் சர்க்கார் காசில் அக்காவுக்கு வைத்திருந்தேன்.

அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, நாங்க எப்போ பணக்காரங்க ஆனோம்? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

பழைய படிவங்களை எடுத்துப் புரட்டினேன். சில வீடுகளுக்கு எதிரே ஒரே குறிப்பு: 'வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் விசாரிக்கப்பட்டது.' முதல் வருடம் இரண்டு வீடு. அப்புறம் நான்கு, ஆறு, ஏழு. இந்த வருடம் ஒன்பது. அதில் ஒன்று அக்கா வீடு. தொகையை மட்டும் பார்க்கிற எனக்குக் கதவு எண்ணைப் பார்க்க எங்கே நேரம்?

வீடு வீடாகப் போய் விசாரிக்கிறவரை நாங்கள் பிஸ்கட் என்போம். திறந்திருக்கிற வீட்டில் எது கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எந்தக் கிழமை போவீங்க?"

"செவ்வாய், வியாழன்தான் மேடம். அன்னிக்குத்தான் வண்டி கிடைக்கும்."

"என்ன வண்டி?"

"ஆஸ்பத்திரி வேன்தான். நோயாளிங்களை ஏத்திக்க காலையில காலியாத்தானே மேல போகுது. டிரைவர் நம்ம ஆளு. பஸ்ல போனா நாலு கிலோமீட்டர் நடக்கணும் மேடம்."

ஆக, இவர் இறங்குவார், அதே வேனில் அவர்கள் ஏறுவார்கள். நோயாளியும் துணைக்குப் போகிறவரும் பூட்டிவிட்டுப் போன கதவை இவர் கடமைக்குத் தட்டுவார். பிறகு, யாருக்கும் ஒரு தலைவலிகூட இல்லாத பக்கத்து வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தபடி அந்த வீட்டு வருமானத்தைக் கேட்டு எழுதிக்கொள்வார். வியாதிக்காரர் வீடு ஒன்றுகூடக் கணக்கில் இல்லை. வட்டம் ஏன் பணக்கார வட்டம் ஆகாது?

திங்கட்கிழமை அவரை பஸ்ஸில் ஏற்றி, நான்கு கிலோமீட்டரும் நடக்கவைத்துக் கூட்டிப்போனேன். வழி முழுக்க முனகினார். ஒன்பது கதவுகளும் திறந்திருந்தன. பழைய வருடங்களையும் சேர்த்துக் கேட்டு எழுதினோம். திரும்பி வந்து கணக்குப் போட்டால், ஐந்து வருடக் கோடு ஏறவே இல்லை. அசையாமல் படுத்துக் கிடந்தது.

தவறு என்னுடையது என்று எழுதிய கடிதத்தை மேலாளர் முன் வைத்தேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"அஞ்சு வருஷமும் தப்புன்னு நாமளே எழுதிக் குடுக்கறதா? வேணாம்மா. வேன் நிக்கட்டும். வேன் இல்லைன்னா எல்லாரும் வீட்லதானே இருப்பாங்க? அடுத்த வருஷம் வருமானம் தானா எறங்கிடும்."

"இருக்க மாட்டாங்க சார். செத்துடுவாங்க. செத்தவங்களை நாம வரிசையில நிறுத்தறதில்ல. வருமானம் இன்னும் ஏறும்."

அவர் கடிதத்தை முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார். பேனா கேட்டார்.

பத்தாம் நாள் மேலிடத்துப் பதில் வந்தது. அதைக் கையில் பிடித்தபடியே அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

"அக்கா, நீங்க இன்னும் ஏழைதான். உத்தரவே வந்துடுச்சு."

"அப்பாடா," என்றாள் அக்கா. போனை வைக்காமலே உள்ளே திரும்பி மாமாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "கேட்டீங்களா, நாம ஏழைங்கதானாம். செவ்வாய்க்கிழமை வேன் வரும்."