திறக்காத பெட்டிக்குப் போட்ட பங்கு

பூட்டுக்காரர் இரும்புப் பெட்டியின் பக்கவாட்டில் விரல் முட்டியால் தட்டினார். மேலே ஒன்று, கீழே ஒன்று. பிறகு காதை ஒட்டி வைத்துக்கொண்டு இன்னொரு தடவை. நாற்பது வருஷம் இரும்போடு மாரடித்தவனுக்கு இந்தப் பழக்கம் தானாக வந்துவிடும். சாமான் உள்ள பெட்டி அடைத்த தொண்டையில் பேசும். காலிப் பெட்டி சத்தத்தைக் கொஞ்சம் இழுத்து விடும். இது இழுத்தது. அவர் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. இந்தத் தொழிலில் முகத்தைக் காட்டினால் வம்பு.

"எவ்வளவு நேரமாகும்?" என்றான் அண்ணன் தம்பியில் சின்னவன். செருப்புக் கடையில் விற்பனையாளன். அவன் கேட்டது இது நாலாவது தடவை.

"பெட்டிக்கும் எனக்கும் ஒரே வயசு தம்பி. ரெண்டு பேருமே சொன்ன உடனே வாயத் திறக்க மாட்டோம்."

சின்னவனின் மனைவி சிரித்தாள். பெரியவன் சிரிக்கவில்லை. அவன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்ப்பவன்; ஆயிரம் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறான், சொந்தமாக ஒரு வண்டி கிடையாது. எதற்கும் அவன் வலது கால் தானாகத் தரையை அழுத்தும், பிரேக்கில் இருப்பது போல. இப்போதும் அழுத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான்.

செத்துப்போன அப்பாவின் அறை அது. மூன்று மாதம் ஆகியும் மருந்து வாடை சுவரை விட்டுப் போகவில்லை. கட்டிலின் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தது, படுத்திருப்பவரைத் திருப்பிப் போடுகிறவளுக்கு இடுப்பு நோகாமல் இருக்க. திருப்பிப் போட்டவள் இவர்களுடைய அக்கா. பதினோரு வருஷம். அந்த மனுஷன் ஒரு காலத்தில் நிலத் தரகர். கடைசியாக அவர் விற்ற இடத்தில் இன்றைக்கு ஆறு மாடிக் கட்டடம் நிற்கிறது. அந்தப் பணம் எங்கே என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. பக்கவாதம் வந்து, போகப் போகப் பேச்சும் போன பிறகு, சாவி எங்கே என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்வாராம். போகும்வரைக்கும் சொல்லவில்லை.

பூட்டுக்காரர் டிரில்லை வைத்து அழுத்தினார். இரும்புத் தூள் சுருள் சுருளாகக் கொட்டியது. சத்தம் நிற்கும்போதெல்லாம் பின்னாலிருந்து பேச்சு காதில் விழுந்தது. பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைப்பது ஒரு ரகம். இவர்கள் அதற்குக் கல்யாணமே முடித்துவிட்டிருந்தார்கள்.

"பத்து வருஷமா ஊரான் காலப் பிடிச்சிட்டேன். இனிமே என் காலு தரையிலேயே படக் கூடாது," என்றான் சின்னவன்.

"எனக்கு அதெல்லாம் வேணாம்," என்றாள் அவன் மனைவி. "எங்கப்பாவ ஒரே ஒரு தடவ வீட்டுக்குக் கூப்பிடணும். சாப்பாடு போட இல்ல. காட்டுறதுக்கு."

பெரியவன் மெதுவாகச் சொன்னான்: "ஒரு வண்டி வாங்கணும். வாங்கி, பக்கத்து சீட்டுல நான் உக்காந்துக்கணும். வேற யாராவது ஓட்டட்டும். நான் வேடிக்க பாத்துட்டு வரணும்."

அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. பூட்டுக்காரர் எத்தனையோ வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறார். கோடி கிடைத்தால் என்ன செய்வாய் என்று கேட்டால் மனுஷன் கோடியைப் பற்றிச் சொல்வதே இல்லை. எங்கே வலிக்கிறது என்றுதான் சொல்கிறான்.

"ஒண்ணும் இல்லேன்னா?" என்றாள் சின்னவனின் மனைவி.

"இல்லேன்னா நாளைக்கே வீட்ட வித்துடலாம். ஆள் ரெடி," என்றான் பெரியவன்.

"அக்கா?"

"அக்காவுக்கென்ன, எங்கூட வந்து இருக்கட்டும். பசங்களப் பாத்துக்குவா. மாமியாருக்கும் முடியல."

அக்கா அறைவாசலில் நின்றிருந்தாள். இடுப்பில் ஈரக் கைத்துணி செருகியிருந்தது. அவளைக் கேட்டு யாரும் சொல்லவில்லை.

பூட்டுக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. தனக்கு இதில் என்ன என்று ஒதுங்கிப் போகிற ஆள்தான் அவர். ஒரு தடவை பெட்டியைத் திறந்துகொடுத்து, உள்ளே இருந்த சங்கிலி காணோம் என்று இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார்ந்தவர். அன்றிலிருந்து அவருக்கு ஒரு வழக்கம். பூட்டை விடுவித்து, கைப்பிடியைத் திருப்பி வைத்துவிட்டு, கதவை இழுக்காமல் வெளியே போய்விடுவார். உள்ளே இருப்பதை வீட்டுக்காரன்தான் முதலில் பார்க்கணும். ஆனால் பதினோரு வருஷம் ஒருத்தி முதுகொடிந்ததற்கு, காலிப் பெட்டியைக் காட்டி இருக்கிற கூரையையும் பிடுங்கப் போகிறார்கள். இழுத்து விட்ட அந்தச் சத்தம் அவர் காதிலேயே நின்றது.

டிரில்லைக் கீழே வைத்தார். "இதுக்கு மேல நான் தொட மாட்டேன்."

"என்னது?"

"யாருக்கு எதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் திறக்கறேன். பட்டவன் நான். திறந்தப்புறம் அண்ணன் தம்பி அடிச்சுக்குவீங்க, சாட்சின்னு என்ன இழுப்பீங்க. வீடு ஒருத்தருக்கு, பெட்டி ஒருத்தருக்குன்னு பிரிச்சுக்குங்க. சண்டை வராது."

அப்படி ஒரு வழக்கம் அவருக்குக் கிடையாது. அந்த நிமிஷத்தில் பிறந்த வழக்கம். ஆசை பிடித்தவர்கள் பெட்டிமேல் விழுவார்கள், வீடு தன்னால் அக்காவிடம் ஒதுங்கும் என்று அவர் போட்ட கணக்கு. அப்படியே ஆயிற்று. அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவன் தொண்டையைச் செருமினான்.

"அக்கா, வீட்ட நீ வச்சுக்க. பெட்டி எங்களுக்கு. இத்தன வருஷம் பாத்துக்கிட்ட இல்ல?"

அக்கா கைத்துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தாள்.

"வீடு எனக்கு வேணாம். நீங்களே வச்சுக்குங்க. பெட்டியில மூணுல ஒரு பங்கு குடுங்க, போதும்."

தம்பிகள் இருவரும் ஒரே நேரத்தில் பேனாவைத் தேடினார்கள். மனசு மாறிவிடப் போகிறாள் என்ற பதற்றத்தில் பெரியவன் மருந்துக் கடை நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தான்.

பூட்டுக்காரர் தண்ணீர் வேண்டும் என்று எழுந்து, எடுத்துவரப் போன அக்காவின் பின்னாலேயே சமையலறைக்குப் போனார்.

"அம்மா, உனக்கென்ன பைத்தியமா? வீட்ட வாங்கிக்க."

அவள் குவளையை நீட்டினாள். "ஏன், உள்ள ஒண்ணும் இல்லையா?"

"நான் பாக்கல. சத்தம் காலியா இருக்கு. சத்தம் பொய் சொன்னதும் உண்டு. ஆனா நானா இருந்தா வீட்டத்தான் எடுப்பேன்."

"அந்த மருந்தெல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னு இவனுங்க கேட்டதே இல்லங்கய்யா," என்றாள். "எங்கப்பாவுக்குப் பேச்சு போறதுக்கு முன்னாடி, என்ன வெளிய அனுப்பிட்டு அவரு கையாலதான் பெட்டியிலேருந்து பணம் எடுத்துக் குடுப்பாரு. அப்புறம் நான் நகைய வித்தேன். பெட்டியில மிச்சம் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். சாவிய நானும் பாத்ததில்ல."

"தெரிஞ்சுமா வேணாங்கற?"

"வீடு என் பேருக்கு வந்தா நான் இங்கயேதான் இருப்பேன். அந்தக் கட்டில் இருக்கற ரூமப் பெருக்கிக்கிட்டே இருப்பேன். நாளைக்கு இவனுங்கள்ல எவனாவது படுக்கையில விழுவான். இல்ல, பெரியவனோட மாமியாரு. தூக்கிட்டு வந்து அதே கட்டில்ல போடுவானுங்க. அக்காவுக்குத்தான் வீடு இருக்கேம்பானுங்க."

பூட்டுக்காரர் தண்ணீரைக் குடிக்கவில்லை. குவளையைப் பிடித்துக்கொண்டே நின்றார். "பெட்டியும் காலின்னா? பசங்களப் பாத்துக்கச் சொல்லி அண்ணன் வீட்டுக்குல்ல இழுப்பான்?"

"அவன் எனக்குத் தம்பி. நான்தான் மூத்தவ." முதல் தடவையாகச் சிரித்தாள். "இழுத்தா நான் வரணுமில்ல? பெரிய ஆஸ்பத்திரியில நோயாளியப் பாத்துக்க ஆள் கேக்கறாங்க. பதினோரு வருஷம் சும்மா செஞ்சேனே, அதுக்கு அங்க சம்பளம் தராங்களாம், கேட்டீங்களா?"

"சரி, நெறைய இருந்துச்சுன்னா?"

அவள் யோசிக்கவே இல்லை. "உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கற ஒரு ரூம் எடுப்பேன். ரெண்டு மாசம் தூங்குவேன். யாரும் கூப்பிடக் கூடாது."

உள்ளே இருந்து சின்னவன் குரல் வந்தது: "அக்கா, கையெழுத்துப் போட வா!"

அவள் போனாள். நோட்டை வாங்கி ஒரு தரம் முழுக்கப் படித்தாள். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாள். கையெழுத்துப் போட்டாள். பூட்டுக்காரர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. நல்லது செய்யப் போய்த் தலையிட்டவனுக்கு இது வேண்டியதுதான் என்று தன்னையே திட்டிக்கொண்டு டிரில்லை எடுத்தார். கால் மணி நேரத்தில் உள்ளிருந்த தகடு விலகியது. கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினார். பெட்டி ஏப்பம் விட்ட மாதிரி ஒரு சத்தம். சாமான்களைப் பைக்குள் போட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு வெளியே வந்தார். அக்கா கூலியை முன்னாலேயே கொடுத்திருந்தாள், போகலாம். ஆனாலும் மாடிப்படியில் நின்றார்.

பணம் இருந்த வீட்டில் குரல் தாழும். இல்லாத வீட்டில் ஏறும். இத்தனை வருஷத்தில் இது தப்பியதில்லை.

கதவு கிறீச்சிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற நேரம் அமைதி.

"எங்க போச்சு? அக்கா, எங்க போச்சு? நீதான உள்ளயே இருந்த?"

"அந்தக் கெழவன் சமயக்கட்டுல என்ன குசுகுசுன்னான்? கேளுங்க அவகிட்ட!" சின்னவனின் மனைவி குரல்.

ஏதோ தரையில் விழுந்தது. பூட்டுக்காரர் தன் பையின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டார், யார் வந்தாலும் பார்க்கட்டும் என்று. வந்தவள் அக்கா. தோளில் ஒரு துணிப்பை. கால் செருப்பின் வாரை மாட்டக்கூட நிற்காமல், இழுத்துக்கொண்டே படி இறங்கினாள். அவரைத் தாண்டும்போது நின்றாள்.

"பையக் காட்டிட்டே போங்கய்யா. இல்லேன்னா உங்களையும் விட மாட்டானுங்க."

"உன்ன?"

அவள் தெருவைக் கடந்தாள். எதிர்ப்பக்கம் பஸ் ஒன்று வந்து நின்றது. ஓடிப்போய் முன்படியில் ஒரு காலை வைத்து, கண்டக்டரிடம் என்னவோ கேட்டாள், பெரிய ஆஸ்பத்திரிக்கு வழியாகத்தான் இருக்கும். அவர் கையை நீட்டி எந்தத் திசையையோ காட்டினார். மேலே ஜன்னலைத் திறந்து பெரியவன் "அக்கா!" என்று கத்தினான். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஒரு கால் படியில், ஒரு கால் ரோட்டில், கம்பியைப் பிடித்தபடி அவள் குனிந்து செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள்.