தட்டினால் பேசும் பலகை

பருவத்தின் கடைசிப் போட்டியும் முடிந்து, கரைநெடுகக் கூடி ஆர்ப்பரித்த கூட்டம் கலைந்து, ஆறு உழைத்துக் களைத்தவன் மார்பென மெல்ல ஏறியிறங்கிக் கிடந்த ஒரு முற்பகலில், படகுக் கழகத்தின் நெடிய கொட்டகை தன் அகன்ற கதவுகளை விரித்து நின்றது. உள்ளே, கவிழ்த்து வைக்கப்பெற்ற நீள்படகுகள் கரையொதுங்கிய பெருமீன்களின் முதுகெனப் பளபளக்க, காய்ந்த பாசியின் வாடையும் மரப்பூச்சின் காரமும் கலந்து மூக்கை எரித்தன. அழகென்று காண்போர் காண்க, நண்பரே. தூக்குகிறவனுக்கு அவை சுமையே.

கழுவித் துடைத்த படகின் அடிப்பலகைகளை, மடக்கிய விரல்மூட்டால் முனைமுதல் முனைவரை தட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம். நல்ல பலகை கணீரென்னும். நீர் குடித்து உளுத்தது தொப்பென்னும். உளுத்ததன்மேல் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுப் பழுதுபார்க்க ஒதுக்கி, நல்ல படகை உயர்ந்த சட்டங்களில் ஏற்றுவர். தட்டுபவனைப் 'பாம்புக்காது' என்றே எல்லோரும் அழைத்தனர். சுமந்து சுமந்து நடுமுதுகு விட்டுப்போன பின்னரே அந்த எளிய வேலை அவனுக்கு வாய்த்தது. ஆனால் மரம் தேய்க்கும் பொறியின் இரைச்சல், அரம் இரும்பைத் தின்பதுபோல, அவன் செவியையும் தின்றுவிட்டிருந்தது. கூப்பிட்டால் திரும்பாமை கணவர்க்கெல்லாம் உள்ளதே என்றிருந்த மனைவியும் ஐயுறவில்லை.

அன்று, எண்மர் துடுப்பிடும் பெரும்படகின் நடுப்பலகையை அவன் தட்ட, அது தொப்பென்றது. அவன் நிறைவாய்த் தலையசைத்து அடுத்ததற்கு நகர்ந்தான். படகின் மறுமுனையைத் தாங்கி நின்ற அவன் மைத்துனன் திடுக்கிட்டான்.

"மாமா, அந்தப் பலகைய இன்னொரு தரம் தட்டுங்க."

"அதுக்குள்ள பசியா மாப்ள? இதோ முடிஞ்சுரும்."

தூக்குவோர் சிரித்தனர்; மைத்துனன் சிரிக்கவில்லை. அருகே வந்து, மாமனின் பெருவிரலைப் பற்றி அப்பலகையில் அழுத்தினான். நகம் ஈரமரத்துள் இறங்கிற்று. உதட்டசைவு தெரியும்படி முகத்துக்கு நேரே நின்றான்.

"எப்பலேருந்து மாமா?"

"உங்க அக்காகிட்ட சொல்லிராத" என்றான்.

"நான் யார்கிட்டயும் சொல்லல. நானே தட்டுறேன், நீங்க சும்மா கூட நில்லுங்க."

"சும்மா நிக்கிறவனுக்கு இங்க என்னடா வேலை? நாளைக்கு நீ வராட்டி? ஆத்து நடுவுல இது வாயப் பொளந்தா, உள்ள உக்காந்திருக்கிற பிள்ளைங்களுக்கு என்ன சொல்லுவ?" சுண்ணக்கட்டியை மைத்துனன் கையில் திணித்தான். "நீ தட்டு. நான் தூக்குறேன்."

"உங்க முதுகு?"

"முதுகு காது மாதிரி ஏமாத்தாது. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லிரும்."

பின்னர்க் கொட்டகை அதிரக் குரலெடுத்தான்: "காலையிலேருந்து நான் நல்லதுன்னு சொன்ன படகையெல்லாம் இறக்குங்க. எனக்குக் காது கேக்கல."

அரும்பாடுபட்டு ஏற்றிய படகுகளை அண்ணாந்து நோக்கிய தூக்குவோர், சோர்வு மேலிட வாயில் வந்தபடி வைதனர். "முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, பாம்புக்காது!" என்றான் ஒருவன். எவரும் சிரிக்கவில்லை. வசவு வாங்கியவனோ அதற்குள் முதற்படகின் முனைக்குத் தோள்கொடுத்துக் குனிந்திருந்தான். பலகை தட்டுவதை விட்டுவந்த அவ்வுடலின் எலும்புகள் பழைய சுமையை இனங்கண்டு முனகின. செவி கைவிட்டவனை அன்று முதுகு தாங்கிற்று. எத்தனை நாளைக்கு என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், அது அவன் செவியில் விழுந்திராது.