ஏழு முடிச்சு

டிக்கெட் பரிசோதகர் என்னைக் கையும் களவுமாகப் பிடித்தபோது, நான் முட்டி போட்டுக்கொண்டு முன்பின் தெரியாத ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்த சீட்டைத் தூக்கிப் பிடித்திருந்தேன். அந்த அம்மா கை கழுவப் போயிருந்தார். அவர் எப்போது எழுந்து போவார் என்று முக்கால் மணி நேரமாகக் காத்திருந்தது எனக்குத்தான் தெரியும். பரிசோதகர் சின்ன வயசுக்காரர். "பெரியவரே, அங்க என்ன வைக்கிறீங்க?" என்றார். வைக்கவில்லை, பார்க்கிறேன் என்றேன். என்ன பார்க்கிறீர்கள் என்றார். தையலைப் பார்க்கிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால் யார்தான் நம்புகிறார்கள்? கை கழுவிவிட்டு வந்த அம்மா தன் பையை எடுத்து மடியில் வைத்துக் கட்டிக்கொண்டார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளுக்கு இது புதிதில்லை. ரயில் ஏறினாலே அப்பா ஒரு மாதிரி ஆகிவிடுகிறார் என்று மருமகனிடம் சொல்லி வைத்திருக்கிறாள். கக்கூசுக்கு என்று கிளம்பி நாலு பெட்டி தாண்டிப் போய்விட்டு வருவேன். கேட்டால் கால் மரத்துப்போகிறது, நடந்தேன் என்பேன். முப்பத்தோரு வருஷம் ரயில் பட்டறையில் கிடந்த மனுஷன், ரயிலைப் பார்த்தால் கை சும்மா இருக்காது என்று அவளாகவே ஒரு சமாதானம் வைத்திருந்தாள். அன்றைக்கு என் வாடகை வீட்டைக் காலி செய்து, என்னை ஒரேயடியாகத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தாள். அந்தத் தடத்தில் ஓடுகிற பழைய பெட்டிகளையெல்லாம் மாதக் கடைசியில் எடுத்துவிடப் போகிறார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. புதுப் பெட்டியில் சீட்டெல்லாம் அச்சில் வார்த்தது. தையலே கிடையாது. எனக்குத் தேடுவதற்கு அந்த ஒரு நாள்தான் பாக்கி.

பரிசோதகர் விடுவதாக இல்லை. சரி, உட்காருங்கள் சொல்கிறேன் என்றேன். ஆச்சரியம், உட்கார்ந்துவிட்டார்.

பட்டறையில் எனக்கு உரிக்கிற வேலை. ஓடித் தேய்ந்த பெட்டிகள் மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை எங்களிடம் வரும். சக்கரம் கழற்றுகிறவர்கள் சக்கரத்தைக் கழற்றுவார்கள், பெயிண்ட் சுரண்டுகிறவர்கள் சுரண்டுவார்கள். நான் சீட்டுகளை இறக்கி, வளைந்த கத்தியால் பழைய ரெக்சின் உறையை உரித்து, உள்ளே அடைத்த தேங்காய் நாரை ஒரு பக்கமும் பலகையை ஒரு பக்கமும் போடுவேன். பலகை அங்கிருந்து மெத்தைப் பிரிவுக்குப் போகும். அங்கே பதினெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புது உறை தைப்பார்கள். சுவரோடு ஒட்டி மறைந்துவிடுகிற பின் விளிம்பில்தான் கடைசித் தையலை இழுத்து முடிச்சுப் போடுவது. எல்லாரும் மூன்று முடிச்சு போடுவார்கள். கத்தியை நுழைத்து ஒரு இழு இழுத்தால் பிரிந்து வந்துவிடும். ஒருத்தி மட்டும் ஏழு போட்டிருந்தாள். மெழுகு தடவிய நூலில் ஒன்றன்மேல் ஒன்றாக, பட்டாணி அளவுக்கு. ஒரே வாரத்தில் மூன்று கத்தி முனை போயிற்று. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு மெத்தைப் பிரிவுக்கே போய், எந்த மகராசி போட்ட முடிச்சு இது என்று கத்தினேன். பதினேழு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி மட்டும் ஊசியைக்கூடக் கீழே வைக்காமல் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான்தான். உட்கார்றவங்க எல்லாரும் உங்கள மாதிரி ஒல்லியாவா இருப்பாங்க?"

அந்தக் கூடமே சிரித்தது. நான் வந்த வழியே பலகையோடு திரும்பினேன். அதற்கப்புறம் கத்தி உடைந்தாலும் உடையாவிட்டாலும் வாரம் ஒரு தடவை சண்டைக்குப் போனேன். எட்டு மாதம் விடாமல் சண்டை போட்டுவிட்டு, கல்யாணம் செய்துகொண்டோம். பட்டறை முழுக்க அவளுக்கு 'ஏழு முடிச்சு' என்றுதான் பெயர். என்னை 'எட்டாவது முடிச்சு' என்றார்கள், படுபாவிகள். ஒரே சைக்கிளில் போவோம், வருவோம். சாயங்காலம் பின்னால் உட்கார்ந்துகொண்டு, இன்னிக்கு என்னோடது எத்தனை உரிச்சீங்க என்று கேட்பாள். நாலு என்றால், வலிச்சிருக்குமே என்பாள், ஏதோ சீட்டுக்கு உயிர் இருக்கிற மாதிரி. வலிச்சது என் கைக்கு என்று நான் சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் அவளுக்கு அந்த நாள் முடியாது.

இந்த மகளுக்கு இரண்டரை வயதானபோது என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பன்னிரண்டாம் நாள் இல்லை.

அவள் போய்விட்டாள். பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. அதைத்தான் நான் யோசிக்கவில்லை. வேலைக்குத் திரும்பிய முதல் நாள் ஒரு சீட்டைப் புரட்டினேன், ஏழு முடிச்சு. அவள் போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் தைத்ததெல்லாம் ஊர் உலகத்தைச் சுற்றிவிட்டு ஒவ்வொன்றாக என்னிடம் வந்து படுத்தது. மேஸ்திரி நல்ல மனுஷர். வேறு பிரிவுக்கு மாற்றித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். நான் அறுக்காவிட்டால் இன்னொருவன் அறுப்பான், அதை என்னால் தாங்கியிருக்க முடியாது. கட்டை விரலை அந்த முடிச்சின் மேல் கொஞ்ச நேரம் வைத்திருப்பேன். பிறகு கத்தியைப் போடுவேன். நாலு வருஷம் இப்படிப் போயிற்று. வாரத்துக்கு இரண்டு, மாதத்துக்கு இரண்டு என்று குறைந்து, ஒரு நாள் நின்றுவிட்டது.

ஒரு முடிச்சையாவது எடுத்து வைத்திருக்கலாமே சார் என்றார் பரிசோதகர். யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள். அடுத்தது வருமே என்று இருந்துவிட்டேன். கடைசியாக அறுத்தது கடைசி என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே அறுத்து, உறையைக் குப்பையில் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

ஓய்வு பெறுகிற வருஷம் பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அவள் படுக்கையில் விழுந்த வாரம் தைத்த ஒரு பெட்டி எங்களிடம் திரும்பவே இல்லை. பழுது பார்க்க வேறொரு பட்டறைக்கு எழுதிவிட்டிருந்தார்கள். அந்தப் பட்டறைக்காரர்கள் சோம்பேறிகள். உரிக்க மாட்டார்கள், கிழிசலின் மேல் ஒட்டுப் போட்டு அனுப்பிவிடுவார்கள். நான் வாழ்க்கையில் சோம்பேறிகளுக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான். பெட்டி நம்பரை நடுவில் மாற்றி எழுதிவிட்டார்கள். அதனால் இந்தத் தடத்தில் ஓடுகிறது என்பது தவிர, எந்தப் பெட்டி என்று தெரியாது. ஒவ்வொன்றாகத் தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

பரிசோதகர் எழுந்து போனார். பையைக் கட்டிக்கொண்டிருந்த அம்மா அதைக் கீழே வைத்தார். என் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இதெல்லாம் எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல? அம்மான்னா எனக்கு ஒரு போட்டோ, அவ்வளவுதான். அவங்க சண்டை போடுவாங்கன்னுகூட எனக்குத் தெரியாது."

அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உடைந்துபோவேன் என்று பயந்து, பிள்ளைக்கு முன்னால் இத்தனை வருஷம் கல்லு மாதிரி இருந்துவிட்டேன். யாரோ ஒரு பரிசோதகரிடம் அரை மணி நேரத்தில் கொட்டியதை, பெற்ற பெண்ணுக்கு ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை. என்ன அப்பன் நான்?

மகளின் ஊருக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது பரிசோதகர் வேகமாக வந்தார். கடைசிப் பெட்டியில் ஒரு மூலை சீட்டு இருக்கிறது, ஒட்டுக்குக் கீழே பழைய பச்சை ரெக்சின் தெரிகிறது, வாங்க என்றார். அவள் காலத்தில் பச்சைதான் போட்டார்கள். நான் எழுந்த வேகத்தில் செருப்பு ஒன்று கழன்றுகொண்டது. மகள் அதையும் எடுத்து, எங்கள் இரண்டு சூட்கேசுகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

பச்சைதான். மேலே ஒட்டு, ஒட்டின் மேல் இன்னொரு ஒட்டு. முன் விளிம்பில் நெருக்கமான தையல், எங்கள் பட்டறைத் தையல். ஆனால் முன்பக்கம் பதினெட்டுப் பேரும் ஒரே மாதிரிதான் தைப்பார்கள். பின்பக்க முடிச்சைப் பார்த்தால்தான் ஆள் தெரியும். அதற்குச் சீட்டைத் தூக்க வேண்டும். சீட்டின் மேல் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. எதிரில் அதன் அம்மா, கண்ணெல்லாம் உள்ளே போய் உட்கார்ந்திருந்தாள். குழந்தை உடம்பு சரியில்லாமல் மூன்று நாளாகத் தூங்கவில்லை, இப்போதுதான் கண் அசந்தாள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

நான் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எழுப்புங்கள் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. என்னால் முடியவில்லை. வண்டி வேகம் குறைந்தது. சரி, முடிச்சு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மகளைப் பார்த்து, "வாம்மா, இறங்கலாம்" என்றேன்.

அவள் இரண்டு சூட்கேசுகளையும் கீழே வைத்தாள்.

"அவ தூங்கட்டும்ப்பா. எந்திரிக்கிறப்ப எந்திரிக்கட்டும்."

எங்கள் டிக்கெட் அந்த ஊர் வரைக்கும்தான். பரிசோதகரைப் பார்த்தேன். அவர் கதவுப் பக்கம் போய் வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். பிளாட்பாரத்தில் மருமகன் ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். மகளின் போன் அடித்தது. எடுக்காமல் சத்தத்தை மட்டும் அடக்கினாள். வண்டி நகர்ந்தது, விளக்குக் கம்பங்கள், தண்ணீர்க் குழாய், பிளாட்பாரத்தின் சரிவு எல்லாம் பின்னால் போயின. அவள் சீட்டின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, பச்சை ரெக்சின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். குழந்தை ஒருமுறை முனகியது. நானும் மகளும் குழந்தையின் அம்மாவும் மூச்சை அடக்கிக்கொண்டோம். அது புரண்டு, இரண்டு காலையும் என் மகளின் தோள்மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, மறுபடி தூங்கிப்போயிற்று.