ஓட வைத்தால் உனக்கு

ரொட்டிக் கடையின் பின்புறம் அந்த வேன் நின்றுபோய்ப் பல காலம் ஆகியிருந்தது. நான்கு டயர்களும் தரையோடு தரையாகப் படிந்துவிட்டன. காலி மாவுச் சாக்குகளைப் போட்டுவைக்கத்தான் ரொட்டிக் கடைக்காரருக்கு அது பயன்பட்டது. விலைக்குக் கேட்டு வருகிறவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு நழுவிவிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் பேச்சு அந்த வேன் பக்கம் திரும்பியது. கடைக்காரர், அவர் மனைவி, மனைவியின் தம்பி, கடைக்காரருடைய அண்ணன் குடும்பம் என்று வீடு நிறைந்திருந்தது. தம்பி லிஃப்ட் மெக்கானிக், ஒரு கம்பெனியில் வேலை. எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து ஓடுகிறவன். ஒரு வண்டி மட்டும் இருந்தால் தனியாகவே தொழில் தொடங்கிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைக்காரருக்கு அன்று நல்ல உற்சாகம். “பின்னாடி நிக்குதே, அத ஓட வச்சிட்டா நீயே எடுத்துக்க மாப்ள. எனக்கும் இடம் மிச்சம்” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை.

“சரி அத்தான். எடுத்துக்கறேன்” என்றான்.

அடுத்த ஞாயிறு பழைய சட்டையோடு வந்து வேனுக்கு அடியில் படுத்தான். அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். லீவு கிடைத்த நாளெல்லாம் அங்கேதான். இன்ஜினைப் பிரித்துக் கோணிமேல் பரப்பினான். துருப்பிடித்த குழாய்களை மாற்றினான், கிடைக்காத பாகங்களைத் தேடிப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தான். ஆரம்பத்தில் கடைக்காரர் அதை வேடிக்கையாகத்தான் பார்த்தார். போகப் போக அவரே டீ கொண்டுவந்து கொடுத்தார். மழை வந்தபோது தார்ப்பாய் கட்டினார். ஒரு நாள் சாயங்காலம் வெகுநேரம் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே குந்தியிருந்தார். ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒருவழியாக வேன் இருமியது, புகை கக்கியது, பிறகு சீராக உறுமியது. கடைக்காரர் மாவுக் கையோடு ஓடிவந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார். இருவரும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். வண்டியில் மிச்சமுள்ள சின்ன வேலைகளும் முடியட்டும், பிறகு எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தம்பி கிளம்பினான்.

அந்த வாரம்தான் ஆஸ்பத்திரி கேன்டீனிலிருந்து ஆள் வந்தது. தினமும் காலையில் ரொட்டியும் பன்னும் கொண்டுவந்து இறக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்று கடைக்காரர் யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

கருவிகள் அடுக்குவதற்கு இரும்புத் தட்டுகள் செய்து தூக்கிக்கொண்டு தம்பி வந்தபோது, அவர் அவன் முகத்தைப் பார்க்காமல் ட்ரேயைத் துடைத்தபடி பேசினார்.

“வண்டி இங்கயே இருக்கட்டும் மாப்ள. அன்னிக்கு ஏதோ பேச்சுக்குச் சொன்னது. உனக்கு என்ன செலவாச்சோ சொல்லு, குடுத்துடறேன்.”

தம்பி தட்டுகளை இறக்கிச் சுவரில் சாய்த்தான். “நான் வேலைய விட்டுட்டேன் அத்தான்” என்றான். பிறகு சாவியைக் கல்லாமேல் வைத்துவிட்டு நடந்தான். தட்டுகள் சுவரில் சாய்ந்தபடி கிடந்தன.

அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கமே வரவில்லை. மனைவி திட்டித் தீர்த்திருந்தால் கடைக்காரருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சாப்பாட்டுத் தட்டு மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாக மேசைக்கு வந்தது.

தினமும் அரை ரொட்டி வாங்கிப் போகும் வக்கீலம்மாவிடம், யாருக்கோ நடந்த மாதிரி, டார்ச் பிடித்தது வரை எல்லாவற்றையும் அவர் மெல்லச் சொன்னார். வக்கீலம்மா இரண்டே கேள்வி கேட்டுவிட்டு, “வேன் பின்னாடிதானே நிக்குது?” என்றார். கடைக்காரர் அசடு வழிந்தார்.

விளையாட்டாகத்தான் சொன்னேன், அது எப்படி ஒப்பந்தமாகும் என்பது அவர் வாதம்.

“நீங்க மனசுக்குள்ள சிரிச்சீங்களான்னு யாரும் எட்டிப் பாக்க முடியாது. நீங்க சொன்னதையும் நடந்துக்கிட்டதையும் வச்சு, எதிர்ல இருக்கறவர் என்னன்னு புரிஞ்சுப்பாரு? சட்டம் அதத்தான் பாக்கும்” என்றார் வக்கீலம்மா.

ஓட வைத்தால் எடுத்துக்கொள் என்று ஒருவர் முன்வைக்கிறார், இன்னொருவர் ஒப்புக்கொண்டு ஓட வைக்கிறார், அவர் கொட்டிய உழைப்புதான் வேனுக்கு ஈடு. அந்த வகையில் பார்த்தால் இது ஒப்பந்தம்தான் என்று விளக்கினார். ஆனால் சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசுவதையெல்லாம் கோர்ட் வரை போகும் எண்ணத்தோடு பேசியதாகச் சட்டம் லேசில் எடுத்துக்கொள்ளாது என்றும் சொன்னார். இரண்டு பக்கமும் நல்ல வக்கீல் கிடைத்தால் வேன் மறுபடி துருப்பிடிக்கும்வரை வழக்கு ஓடும்.

கடைக்காரர் கடைசிப் பகுதியைப் பிடித்துக்கொண்டார். “அப்போ குடுத்தே ஆகணும்னு இல்ல?”

“ஜெயிப்பீங்களான்னு எனக்குத் தெரியாது. கேலிதான்னா, டார்ச் புடிச்சப்பவே சொல்லியிருக்கலாமே” என்றபடி வக்கீலம்மா ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று கடையைச் சாத்தும்போது, சொந்தத்துக்குள் பேசியது செல்லாதாம் என்று மனைவியிடம் அவர் நைசாக எடுத்துவிட்டார். அவள் ரொட்டி வெட்டும் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“வண்டி யார் பேர்ல இருக்கு?” என்று கேட்டாள்.

அவருக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. வேன் வாங்கிய அன்று அடுப்பை விட்டு வர முடியாமல் அவளைத்தான் அனுப்பியிருந்தார். கையெழுத்துப் போட்டவள் அவள். பதிவும் அவள் பேரில்தான். தன்னுடையது இல்லாத ஒன்றைத்தான் இவ்வளவு நாளாகக் கொடுத்தும் பறித்தும் கொண்டிருந்தார்.

“அன்னிக்கு நானும்தான் சிரிச்சேன். என் வண்டின்னு நானும் சொல்லல” என்றாள் அவள்.

மறுநாள் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் பழைய கம்பெனியில் திரும்ப வேலை கேட்டிருந்தான். காலியிடம் வந்தால் கூப்பிடுகிறோம் என்றிருந்தார்கள். அவள் சுற்றி வளைக்காமல், வேனை அவன் பேருக்கு மாற்றித் தருகிறேன், பதிலுக்குக் காலையில் ஆஸ்பத்திரிக்கு ரொட்டி கொண்டுபோய் இறக்க வேண்டும், டீசல் கடையுடையது, மீதி நேரம் வண்டி அவனுடையது என்றாள். சும்மா கொடுத்தால் நாளைக்கு இன்னொரு பேச்சு வரும் என்பது அவள் கணக்கு.

தம்பி யோசித்தான். “ஒரு வருஷம் மட்டும்க்கா. அப்புறம் அத்தான் வேற வண்டி பாத்துக்கணும். அவரே நேர்ல வந்து சொல்லணும்” என்றான்.

அவள் காலக்கெடு எதுவும் நினைத்திருக்கவில்லை. ஆனால் அவன் கேட்டதற்கு அவள் சம்மதித்தாள்.

கடைக்காரர் போவதற்கு மூன்று நாள் இழுத்தார். போனவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“சொன்னப்ப விளையாட்டுதான் மாப்ள. ஆனா நீ போல்ட்ட ஒண்ணொண்ணா கழட்டறத பாத்தப்பவே தெரியும், நீ நெசம்னு எடுத்துக்கிட்டன்னு. எங்க ஓடப் போவுதுன்னு வாய மூடிக்கிட்டேன். தப்புதான்.”

தம்பி கதவை அகலத் திறந்தான். “உள்ள வாங்க” என்று மட்டும் சொன்னான்.

பேசியதை ஒரு தாளில் எழுதினார்கள். வக்கீலம்மா படித்துப் பார்த்துவிட்டு, வேறு வண்டி பார்த்துக்கொள்வேன் என்ற வரியில் ‘முடிந்தவரை’ என்று கடைக்காரர் செருகியிருந்த ஒரு சொல்லை மட்டும் அடித்தார்.

அந்த வருஷம் முழுக்க விடிந்ததும் வேன் ரொட்டி மணத்தோடு கிளம்பியது, பிறகு கட்டடம் கட்டடமாக அலைந்தது. தம்பிக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஆஸ்பத்திரி லிஃப்டே அவன் கைக்கு வந்தது. பழைய நெருக்கம் உடனே திரும்பவில்லை. சிரிப்பு வருவதற்கு நாளானது.

வருஷம் முடிந்து கடைக்காரர் இன்னொரு பழைய வண்டி வாங்கினார். வாங்கிய வாரமே அது படுத்துவிட்டது. தம்பி வந்து இன்ஜின் மூடியைத் தூக்கிப் பார்த்தான். ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டு, “கூலி என்ன அத்தான்?” என்று கேட்டான்.

கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு தொகையைச் சொன்னார். அது கட்டாது என்றான் தம்பி. அவர் கொஞ்சம் கூட்டினார். அவன் சரி என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தான்.